உன் மாமாவிடம் நாங்கள் கொடுத்த கம்பி

அன்புள்ள மகளுக்கு,

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. கடைக்குக் கொண்டுபோகும் சீட்டில்கூட எண் போடுகிற மனுஷன் என்று உன் அம்மா கேலி செய்வாள். இருந்தாலும், இந்தக் கடிதத்தில் என்னென்ன வருகிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எனக்குத் தைரியம் போய்விட்டால், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று நீ கேட்க வசதியாக இருக்கும்.

1. மூன்று வாரங்களுக்கு முன் நீ காட்டிய வீடியோவில் நான் பார்த்தது.
2. கம்பியில் கலந்திருக்கும் பொருள் மாறினால், உருகிய இரும்புத் துளி ஏன் வேறு மாதிரி இறங்குகிறது என்பது.
3. உன் குணா மாமா வேலையை இழந்தது என் அறிக்கையால்தான் என்பதும், அது நான் தெரியாமல் செய்த தவறு என்பதும்.
4. போன புதன்கிழமை நான் அவரைப் பார்க்கப் போனது.
5. உன் கல்யாணத்தில் உனக்கு மாலை போடப்போவது யார் என்பது.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்த பட்டறையின் பழைய ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். காலை வணக்கமும் பூப்படமும் போடுகிற குழுதான். அதிலும் இதைப் போடப்போகிறேன். அறுபது பேர் முன்னால் நான் வாசித்த ஒன்றை, இப்போது ஒருத்தி காதில் மட்டும் திருத்திச் சொல்வது முறையாகப் படவில்லை.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தாய். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் தொழிற்சாலையில் புதிதாக வாங்கிய கேமராவைப் பற்றிச் சொன்னாய். ஒரு நொடியில் நடப்பதை நிமிடக்கணக்கில் இழுத்துக் காட்டும் கேமரா. சாம்பார்ச் சட்டியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, "அப்பா, உங்களுக்குத்தான் இது பிடிக்கும், பாருங்க" என்றாய். திரையில் இரண்டு கட்டங்கள். இரண்டிலும் மேலிருந்து ஒரு கம்பி இறங்குகிறது, நுனி வெள்ளையாக எரிகிறது, கீழே உருகிய இரும்புக் குட்டை.

"ரெண்டுக்கும் ஒரே கரண்ட், ஒரே வோல்டேஜ், ஒரே கேஸ். வயர் மட்டும்தான் வேற."

இடது கட்டத்தில் கம்பியின் நுனியில் ஒரு சின்னத் துளி உருண்டது. குட்டையைத் தொட்டது. தொட்ட கணமே குட்டை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி ஒரு துளி, மறுபடி ஒன்று, எல்லாம் ஒரே அளவில். வலது கட்டத்தில் துளி உருண்டுகொண்டே இருந்தது. கம்பியைவிடப் பெரிதாக வீங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, விழவும் மாட்டேன் ஒட்டவும் மாட்டேன் என்பதுபோல் ஆடியது. பிறகு குட்டையைத் தொட்டபோது நடுவில் வெடித்து, நாலு பக்கமும் சிதறியது.

"வலது பக்கம் அசிங்கமா இருக்கு லா" என்று நீ சிரித்தாய். "டைட்டானியம் போட்ட வயருப்பா. தடிச்ச பிளேட்டுக்கு உள்ளது. யாரோ மெல்லிசுத் தகடு லைனுக்கு மாத்தி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளா அந்த வெல்டரைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தாங்க, பாவம்."

என் கையிலிருந்த தோசை சட்னிக் கிண்ணத்தில் விழுந்ததை நீ பார்த்தாய். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். போட்டிருந்தேன். அது பிரஷர் இல்லை. எனக்கு அந்தச் சிதறலைத் தெரியும். அது தெறித்து ஒட்டிய தகட்டை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதியிருக்கிறேன். நீ போன பிறகு மாலைவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா இரண்டு முறை வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி இரண்டாவது விஷயம். நீ இதையே படித்தவள், நான் சொல்வதில் பிசகு இருந்தால் திருத்து. ஆனால் குழுவில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கணக்குப் பிரிவும் லோரிப் பிரிவும். அவர்களுக்குப் புரிய வேண்டும்.

மெல்லிய தகட்டைப் பற்றவைக்கும்போது கரண்டைக் குறைவாக வைப்போம், இல்லாவிட்டால் தகடு ஓட்டையாகிவிடும். குறைந்த கரண்டில் துளி மேலிருந்து தானாகச் சொட்டாது. கம்பி நுனியில் உருகி நின்று, கீழே உள்ள குட்டையைத் தொட வேண்டும். தொட்டதும் குட்டை அதை உறிஞ்ச வேண்டும். இது ஒரு நொடிக்குள் பல பத்து முறை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நன்றாக ஓடும்போது எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும்.

துளி சுலபமாகப் பிரியுமா பிரியாதா என்பது, கம்பியில் இரும்போடு என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிலிக்கானும் மாங்கனீசும் எல்லாக் கம்பியிலும் உண்டு. அவை உருகிய இரும்பில் சேரும் ஆக்சிஜனைப் பிடித்துக் கசடாக வெளியே தள்ளும். டைட்டானியமும் அதே வேலையைச் செய்யும், இன்னும் மும்முரமாக. நூறு பங்கில் ஒரு பங்குகூடக் கிடையாது, ஆனால் அதுவே போதும், துளி கெட்டியாகிவிடும். நீர்மோரும் தோசை மாவும் கரண்டியிலிருந்து ஒரே மாதிரியா வழிகின்றன? தடித்த பிளேட்டில் கரண்டைக் கூட்டிக் கம்பியை ஓட்டும்போது இந்தக் கெட்டித்தன்மை ஒரு வரம். பெரிய துளி அங்குமிங்கும் அலையாமல் ஒழுங்காக இறங்கும். அதே கம்பியை மெல்லிய தகட்டில் குறைந்த கரண்டில் ஓட்டினால், துளி நுனியை விடாது. பெரிதாகித் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலம்போல் நின்று, அந்தப் பாலத்தில் கரண்ட் ஏறி ஏறி, கடைசியில் வெடிக்கும். சுற்றிலும் தெறிப்பு, பற்றவைத்த தையலில் சின்னச் சின்னத் துவாரம்.

இரண்டு கம்பியுமே நல்ல கம்பிதான். இரண்டிலும் செம்பு முலாம், ஒரே கனம், ஒரே நிறம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும்தான் வித்தியாசம்.

இப்போது மூன்றாவது. இதை எழுதத்தான் மூன்று வாரம் ஆனது.

உனக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் கிள்ளானில் வாடகை வீட்டில் இருந்தோம். பட்டறையில் லோரியின் அடிச்சட்டமான சேசிஸும் லோரிகளுக்கான டீசல் டேங்கும் செய்வார்கள். நான் அங்கே தரப் பரிசோதனை அதிகாரி. உன் அம்மாவின் தம்பி குணாவை அங்கே வெல்டராகச் சேர்த்தவன் நான்தான். அம்மா கேட்டாள், நான் முதலாளி தௌக்கேயிடம் சொன்னேன். சொன்ன நாளிலிருந்தே எனக்குப் பயம். குணாவின் வேலையை நான் பரிசோதிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு குரல் கேட்கும். "வீட்டு ஆளு லா. பாஸ் ஆயிடும்." "அக்கா குழம்பு ஊத்துனா, சாரு முத்திரை குத்துவாரு." சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு குணாவின் தையலை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நேரம் பார்ப்பேன். அவர் கை மிக நல்ல கை. அதனால்தான் எல்லாரும் சேசிஸ் பற்றவைக்க, மெல்லிய தகட்டு டேங்கை அவரிடம் கொடுத்திருந்தார் தௌக்கே.

ஒரு நாள் புதுக் கம்பி வந்து இறங்கியது. அந்த வாரம் குணா செய்த டேங்குகள் ஒழுகின. காற்றை அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவினால், தையல் நெடுகக் குமிழ்கள். சேசிஸ் பற்றவைக்கிறவர்களோ புதுக் கம்பியைப் பாராட்டினார்கள், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றார்கள். இப்போது யோசித்தால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. அவர்கள் ஓட்டியது தடித்த பிளேட். அன்று நான் யோசித்தது வேறு மாதிரி. எல்லாருக்கும் ஓடுகிற கம்பி ஒருவருக்கு மட்டும் ஓடவில்லையென்றால், குறை அந்த ஒருவரிடம் என்று நினைத்தேன்.

நான் ஒழுங்காகத்தான் சோதித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பியோடு வந்த சான்றிதழை எடுத்தேன். கார்பன் சரி, சிலிக்கான் சரி, மாங்கனீசு சரி, கந்தகம் சரி, செம்பு சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு பத்தி இருந்தது. எங்கள் படிவத்தில் அந்தப் பத்திக்கு இடமில்லை. அதனால் அதை நான் படிக்கவில்லை. டைட்டானியம் அதில்தான் இருந்திருக்கும்.

எங்கள் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். நான் அதில் எழுதினேன்: 'பற்றவைப்பாளரின் கை நடுக்கம் காரணமாக இருக்கலாம்.' உன் மாமாவின் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை நடுங்கியது, அந்த அறிக்கையை வாசித்த பிறகு. 'இருக்கலாம்' என்று போட்டதால் நான் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் ஒருவரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 'கை நடுக்கம்' மட்டும் நின்றது.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, நானே அதை வாசித்தேன். தௌக்கே வாசிக்கச் சொல்லவில்லை. மச்சானுக்குச் சலுகை காட்டவில்லை என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று நானேதான் கேட்டு வாங்கி வாசித்தேன். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் முத்திரை உண்டு. தன் தையலுக்குப் பக்கத்தில் அதைச் சுத்தியால் தட்டி அடையாளம் வைப்பார்கள். குணாவின் முத்திரையை அவர் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். முத்திரை பறிபோன வெல்டருக்குப் போர்ட் கிள்ளானில் யார் வேலை கொடுப்பார்கள்? அவர் லோரியில் சாமான் ஏற்றி இறக்கினார். பல வருஷம் கழித்து சாலாக் செலாத்தானில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்கிற சின்னக் கடை போட்டார்.

இதுவரை நடந்தது எனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருந்தது. நீ வீடியோ காட்டிய அன்று சாயங்காலம், உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"டைட்டானியம் கிட்டானியம் எல்லாம் எனக்கென்ன தெரியும்? என் தம்பி கை எனக்குத் தெரியும்."

பிறகு கேட்டாள், "கிள்ளான்ல அந்தப் பொண்ணு வீட்டுல ஏன் பின்வாங்குனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

குணாவுக்கு ஒரு சம்பந்தம் பேசி, தட்டு மாற்றும் அளவுக்கு வந்து நின்றுபோனது எனக்கு நினைவிருந்தது. வேலை இல்லாததால் என்று நினைத்திருந்தேன்.

"வேலை போனா வேற வேலை வரும்னுதான் அவங்களே சொன்னாங்க. பட்டறை ஆளு ஒருத்தர் போய், கை நடுங்குது, அறிக்கையிலயே எழுதியிருக்கு, குடிக்கிறவனுக்குத்தான் அப்படி நடுங்கும்னு சொல்லிட்டாரு. அதோட முடிஞ்சுது."

அவர் அதன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்ட என் மனைவி இதை என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல" என்றாள். ஒரு கட்டத்தை நிரப்ப நான் எழுதிய இரண்டு சொல், பட்டறையை விட்டு வெளியே நடந்துபோய், ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது.

"வா, ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

"நான் வருஷா வருஷம் போய்ப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க போங்க. தனியா போங்க."

போன புதன்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கையில் ஒரு தாள். என்ன பேசுவது என்று ஏழு குறிப்பு. சாலாக் செலாத்தான் வருவதற்குள் ஏழையும் மூன்று முறை மாற்றி எழுதினேன். அவர் கடை இரண்டு வண்டிப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. முகமூடியை மேலே தள்ளிவிட்டு ஒரு கேட்டின் மூலையை உரசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்து மெஷினை நிறுத்தினார்.

"வாங்க மச்சான். கேட் வேணுமா? பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கு எதுக்கு கேட்?"

உட்காரச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். எதிர் டீக்கடையைப் பார்த்து, "பொஸ், ரெண்டு தே தாரிக், ஒண்ணு சீனி குறைச்சு" என்று கத்தினார். எனக்குச் சீனி ஆகாது என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார். அங்கேயே என் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

நீ அனுப்பியிருந்த வீடியோவை என் போனில் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார். நான் டைட்டானியத்தையும் துளி கெட்டியாவதையும் விளக்கினேன், இங்கே எழுதியதைவிட நீளமாக. நடுவில் குழம்பி, இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினேன். முடித்த பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு ஸ்லோவா ஓட்டிப் பாத்தாத்தான் உங்களுக்குத் தெரியுமா மச்சான்? எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுது. வடை பொரியிற மாதிரி இருக்கணும். பட்டாசு மாதிரி வெடிச்சுது. நான் உங்ககிட்ட சொன்னேன்."

"சொன்னே" என்றேன்.

"வேற என்ன சொன்னேன்?"

நான் போனைப் பையில் வைத்தேன்.

"பக்கத்து மெஷின்ல பழைய வயர் ரோல் பாதி இருக்கு, அதைக் கழட்டி என் மெஷின்ல போட்டுப் பாருங்க, பத்து நிமிசம்தான்னு சொன்னேன். கையைப் புடிச்சுச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படி விதிமுறை இல்லைன்னு சொன்னேன்."

"ஆங்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர்போல் தலையை ஆட்டினார்.

உன் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று கேட்டேன். தாய்மாமன்தான் மணப்பெண்ணுக்கு முதல் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டும். குணா வரமாட்டார் என்று நாங்களே முடிவு கட்டி, செந்தூலில் இருக்கும் அம்மாவின் பெரியப்பா மகனிடம் பேசி வைத்திருக்கிறோம், உனக்கும் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"கிள்ளான்ல ஒரு கல்யாண வீட்டுல உங்க பொண்ணைப் பாத்தேன். பத்து வயசு இருக்கும். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். சாப்பிட்டுக்கிட்டே கேட்டா, மாமா, நீங்க குடிக்கிறதை விட்டுட்டீங்களான்னு. அக்கறையாத்தான் கேட்டா. நான் விட்டுட்டேம்மான்னு சொன்னேன். என்ன சொல்றது? நான் இந்த வாயில ஒரு சொட்டு ஊத்துனது கிடையாது மச்சான். அவளுக்கு யாரு சொன்னாங்க?"

நான்தான் சொன்னேன், மகளே. மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ ஒரு நாள் கேட்டாய். அவருக்குக் கொஞ்சம் அந்தப் பழக்கம் உண்டு என்று சொன்னேன். அறிக்கையில் 'இருக்கலாம்' என்றாவது போட்டிருந்தேன். உன்னிடம் அதுகூடப் போடவில்லை. நீ இன்றுவரை அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். நீ தீபாவளிக்கு அவருக்குப் போன் செய்யும்போது 'உடம்பைப் பார்த்துக்குங்க மாமா' என்று சொல்லும் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"நான் வரேன்" என்றார் குணா. "அக்கா மகளுக்கு மாலை போடணும்னு எனக்கு ஆசை இல்லாமலா? ஆனா குடிகாரன் கையால மாலை வாங்குறோம்னு அவ நினைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. நடந்தது என்னன்னு அவளுக்குத் தெரியணும். நீங்கதான் சொல்லணும். உங்க பாசையில, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் நம்புவா."

சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. திரும்பி வரும்போது இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது விஷயத்துக்கு என் பதில் இதுதான்: உனக்கு மாலை போட வேண்டியவர் குணா மாமா. செந்தூலில் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் அப்பா என்கிற முறையில் உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. உன் வேலையில் 'காரணம்' என்ற கட்டம் வரும்போது, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். வீட்டிலும் அந்தக் கட்டம் உண்டு. உன் கணவர் ஒரு நாள் முகம் கொடுக்காமல் இருப்பார். உடனே ஒரு காரணத்தை நீயாக எழுதிவிடாதே. உன் அம்மா இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு, நான் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கேள். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்து உன் ஆட்களிடம் கடுமையாக நடந்துகொள்ளாதே. நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதி அதுதான். இன்னும் எழுதலாம், ஆனால் எழுத எழுத எனக்கு என் மேலேயே சந்தேகம் வருகிறது. எது நான் உண்மையில் கற்றுக்கொண்டது, எது சும்மா நன்றாக இருக்கிறது என்று எழுதியது என்று பிரிக்கத் தெரியவில்லை.

இதோடு முடித்துவிட்டேன் என்று நினைத்து, முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பில் நின்றுவிட்டேன். அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

குணா என் கையைப் பிடித்துக் கேட்ட அன்று, அறிக்கை எழுதி என் மேசை இழுப்பறையில் இருந்தது, இன்னும் கொடுக்கவில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. பயிற்சிக் காலத்தில் கொஞ்சம் பற்றவைக்கப் பழகியிருக்கிறேன். ஒரு தகட்டுத் துண்டை எடுத்துக் குணாவின் மெஷினில் புதுக் கம்பியோடு ஒரு கோடு ஓட்டினேன். தெறித்தது. என் கை மோசம் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து மெஷினின் பழைய ரோலைக் கழற்றி மாட்டி, கரண்ட் வைக்கும் எந்தத் திருகையும் தொடாமல், அதே மோசமான கையால் இன்னொரு கோடு ஓட்டினேன். சுத்தமாக வந்தது. இரண்டு கோடும் ஒரே தகட்டில், ஒன்றின் பக்கத்தில் ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைப்போல் அரைகுறையாகத் தெரிந்தவன் ஓட்டியது எதையும் நிரூபிக்காது, தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கம்பிதான் குறை என்று எழுதினால், மச்சானைக் காப்பாற்றிவிட்டான் என்பார்களே என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும். ரோலைப் பழையபடி மாட்டினேன். தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் அடியில் தள்ளினேன். மறுநாள் காலை அறிக்கையை வாசித்தேன்.

எதனால் அப்படி ஆனது என்பதைத்தான் உன் வீடியோ எனக்குச் சொன்னது. எந்தக் கம்பி என்பதை நான் அன்றே பார்த்துவிட்டேன்.

இதைப் புதன்கிழமை குணாவிடம் சொல்லவில்லை. அவர் வருகிறேன் என்று சொன்னது இதைத் தெரியாமல். நாளைக் காலை இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய், அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். உனக்கும் குழுவுக்கும் அதன் பிறகுதான் அனுப்புவேன். அவர் மனம் மாறி வராமல் போனால், தாய்மாமன் மாலை இல்லாமல் நீ நிற்பதற்குக் காரணம் நான், அவர் இல்லை. அப்போதும் நீ அவரை மாமா என்றே கூப்பிட வேண்டும்.

மூன்றாவது குறிப்பில், தெரியாமல் செய்த தவறு என்று எழுதியிருக்கிறேன். அது தவறு, மகளே. தெரிந்துதான் செய்தேன்.

அப்பா